வீட்டு முற்றத்தில் மழைநீர் தேங்குகிறது. கூழாங்கல் பரப்பி உலர் ஓடை அமைத்தால் வடியுமா?

வடியும், சரிவு இருந்தால். உலர் ஓடை என்பது மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்தான், கல் எல்லாம் ஓடுகிற தண்ணீர் மண்ணை அரிக்காமல் இருக்கத்தான். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு ஒரு லோடு கல்லை இறக்கிவிட்டுத் தண்ணீர் போகவில்லை என்றால் எப்படிப் போகும்?

எங்கள் வீடு மதுரை திருமங்கலம் பக்கம், சுத்தக் கரிசல். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் நல்ல மழை விழுந்ததும் ஊதி வாயை மூடிக்கொள்ளும், அப்புறம் தண்ணீர் லேசில் இறங்காது. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றார்களே, அப்போது வெட்டிய குழி அடைமழையில் நிரம்பி முற்றத்துக்கே திரும்பி வரும். கொத்தனாரிடம் ஓடை என்றதும், "சார், ரெண்டு பக்கமும் செங்கல் கட்டிப் பூசிட்டா வேலை முடிஞ்சது, இதுக்குப் போய்க் கல்லு பொறுக்கிக்கிட்டு" என்றார். கரிசல் ஊதிச் சுருங்கும்போது பூச்சு விரிசல் விடும், கல் என்றால் கூடவே அசைந்து கொடுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், சிரித்தார். பக்கத்து வீட்டுத் தம்பி வேறு, "என்ன மாமா, வைகையை இங்கிட்டுத் திருப்புறீங்களா?" என்றான். வைகையே வருசத்தில் பாதி நாள் உலர் ஓடைதானே!

டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பார்க்கிற குழாய்) வைத்து ஐம்பது அடிக்கு ஓரடி இறக்கம் வருகிற மாதிரி குச்சி அடித்தோம். டியூப்புக்குள் ஒரு காற்றுக் குமிழ் நின்றாலும் மட்டம் பொய் சொல்லும், சுண்டிச் சுண்டி வெளியேற்ற வேண்டும். சுவரை விட்டுப் பத்தடி தள்ளி, ஒன்றரை அடி ஆழம், மூன்றடி அகலம். அடியில் தண்ணீர் இறங்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, தார்ப்பாய் வேண்டாம். துணி இல்லாவிட்டால் சேறு மேலே வந்து கல்லை விழுங்கிவிடும். வளைவுகளில் பெரிய கல்லைப் பாதி புதைத்து வையுங்கள். கடைசியில் கிணற்றோரம் ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி. கல்லுக்காக ஆற்றில் போய் அள்ளிவிடாதீர்கள், வழக்காகிவிடும்.

நான் இன்ஜினியர் இல்லை, செம்மண் பூமிக்காரர்கள் 'எங்களுக்கு வெறும் குழியே போதும்' என்று சண்டைக்கு வர வேண்டாம், உங்களுக்குப் போதும்தான்.

உண்மையில் இந்தச் செலவே எனக்கு வந்திருக்கக் கூடாது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு, படியேறிப் போன வீட்டுக்கு இப்போது இறங்கிப் போகிறோம். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அதற்கப்புறமும் எங்கள் தெருவில் சுரண்டவில்லை. கேட்டால் 'எஸ்டிமேட்டில் இல்லை' என்று பதில்.

அப்புறம், பூரான் அடையுமா என்றால், சருகைச் சேரவிட்டால் அடையும். புரட்டாசியிலேயே அள்ளிவிடுங்கள். ஓடை முடிகிற இடம் அடுத்தவர் மனையாக இருந்தால் மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள்.