கேள்வி – பதில்: தொட்டியில் விளையும் இன்சுலின்

கேள்வி: சைவ உணவுக்காரரான என் அம்மாவுக்கு நீரிழிவுக்காக இன்சுலின் ஊசி தொடங்கியிருக்கிறார்கள். அது பன்றியிலிருந்து எடுப்பது என்று ஒருவரும், பற்றீரியாவிலிருந்து எடுப்பது என்று இன்னொருவரும் சொன்னதில் அவர் தயங்குகிறார். எது சரி? பற்றீரியா உடம்புக்குள் போய்விடாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இருவர் சொன்னதும் சரிதான், காலம்தான் வேறு. 1920களிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்தே இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஒரேயோர் அமினோ அமிலத்தால் மட்டுமே வேறுபடுவதால் நன்றாகவே வேலை செய்தது. 1978இல் கலிபோர்னியாவின் ஜெனென்டெக் நிறுவன ஆய்வாளர்கள், மனித இன்சுலினுக்குரிய பரம்பரையலகைச் செயற்கையாக அமைத்து, ஈ. கோலை என்னும் பற்றீரியாவுக்குள் புகுத்தி அந்தப் புரதத்தைப் பெற்றார்கள். 1982இல் அமெரிக்காவில் அதற்கு விற்பனை அனுமதி கிடைத்தது. இப்போது குப்பியில் ‘மனித இன்சுலின்’ என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் பற்றீரியாவில் அல்லது மதுவத்தில் உண்டாக்கப்பட்டதே.

இனி உங்கள் அச்சத்துக்கு வருவோம். நல்ல வளர்ப்பூடகத்தில் ஈ. கோலை சுமார் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்பதால் அதை வளர்ப்பது எளிது. அதன் பின்னர்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. மனிதப் புரதம் அதன் கலத்துக்குள் உருக்குலைந்த திரளாகத் தேங்கிவிடுவதால், கலங்களை உடைத்து, திரளைக் கரைத்து, புரதம் சரியான வடிவத்தில் மடியும்படி செய்து, பல கட்டங்களில் தூய்மையாக்க வேண்டியிருக்கிறது. மதுவமோ புரதத்தை வெளியே சுரந்துவிடுவதால் உடைக்கும் வேலை தேவைப்படுவதில்லை. எந்த வழியாயினும் குப்பிக்கு வருவது புரதமே. உயிருள்ள நுண்ணுயிர் அதில் இருக்காது.

சைவர் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நுண்ணுயிர் முதலில் உண்டாக்கும் முன்னோடிப் புரதத்தை வெட்டி இன்சுலினாக்கும் படியில் பயன்படும் ற்றிப்சின் என்னும் நொதியம் முன்பு பன்றியின் சதையியிலிருந்தே பெறப்பட்டது. இன்று அதையும் நுண்ணுயிர்களைக் கொண்டே செய்ய முடிகிறது. உங்கள் குப்பிக்குரிய விபரத்தை உற்பத்தியாளரிடம் மருந்தாளர் மூலம் கேட்கலாம். ஆனால் பதில் வரும்வரை ஊசியை நிறுத்திவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கோடியல் போத்தலில் உள்ள சித்திரிக்கமிலம் தேசிக்காயிலிருந்து வருகிறதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஒரு காலத்தில் இத்தாலிய எலுமிச்சையிலிருந்து வந்தது. அசுப்பெர்ஜில்லசு நைகர் என்னும் கரும்பங்கசு, சர்க்கரை மிகுந்த கடும் அமில ஊடகத்தில் இந்த அமிலத்தை ஏராளமாகச் சேர்க்கும் என்பதை அமெரிக்க இரசாயனவியலாளர் ஜேம்ஸ் கறி 1917இல் வெளியிட்டார். பைசர் நிறுவனம் 1919இல் அம்முறையில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்சுலின் போல இதற்கு அந்நியப் பரம்பரையலகு எதுவும் தேவைப்படவில்லை. பங்கசின் இயல்பான வேலையையே தூண்டிவிட்டார்கள். இன்று உலகச் சந்தையில் விற்கும் சித்திரிக்கமிலத்தின் பெரும்பகுதி இவ்வாறு நொதித்தல் மூலமே உற்பத்தியாகிறது. மூலக்கூறு தேசிக்காயில் உள்ளதேதான். தேசிக்காயின் மணத்தை மட்டும் அதில் எதிர்பார்க்காதீர்கள்.