மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்கத் தயங்கும் தாய்க்கு

அன்புள்ள அம்மா,

மகள் செவிலியர் படிப்பில் சேர விரும்புவதாகவும், கொரோனா காலத்தில் செவிலியர்கள் பட்ட பாட்டை நினைத்தால் சம்மதிக்க மனம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரையிலான சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனமே கணித்தது.

அந்த நாள்களின் பணி எப்படி இருந்தது என்பதையும் மகள் அறிந்திருக்க வேண்டும். கவச உடையை அணிந்துவிட்டால் பல மணி நேரம் தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குச் செல்லவோ இயலாது. முகக்கவசத்தின் விளிம்பு அழுத்தி மூக்குத்தண்டு புண்ணாகிவிடும். மூச்சுத்திணறும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்க ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் சுவாசக்குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பழக்கமே இல்லாதவர்கள்கூட அவசரப் பயிற்சியோடு அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சிலர் மனம் சோர்ந்து தொழிலையே விட்டார்கள். சிலர் அதே அனுபவத்தைக் கொண்டு தீவிர சிகிச்சை, தொற்றுக் கட்டுப்பாடு, தொலைபேசி வழி ஆலோசனை போன்ற துறைகளில் நிலைபெற்றார்கள். மாணவியரின் மருத்துவமனைப் பயிற்சி பல இடங்களில் தடைப்பட்டது.

உலகில் 59 லட்சம் செவிலியர்கள் குறைவு என்று 2020-இல் வெளியான உலக சுகாதார நிறுவன அறிக்கை கூறியது. இதைக் கேட்டதும் வேலை நிச்சயம் என்று பெற்றோர் பலர் மகிழ்கிறார்கள். ஆனால், ஆள் குறைந்த வார்டில் இருவருடைய வேலையை ஒருவரே சுமக்க நேரிடும் என்பதும் அதே எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. தொற்று வரும்போது அந்தச் சுமை பன்மடங்காகிறது. ஆகவே, எந்தப் படிப்பு என்பதைவிட எந்த மருத்துவமனையில் முதல் வேலை என்பதில்தான் நீங்கள் அதிகக் கவனம் செலுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள், முகக்கவசம் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதிக்கிறார்களா, பணியால் தொற்று வந்தால் சம்பளத்துடன் விடுப்பு உண்டா, வேறு பிரிவுக்கு மாற்றும் முன் பயிற்சி தருகிறார்களா என்று நேர்முகத் தேர்விலேயே தயங்காமல் கேட்கும்படி மகளைப் பழக்குங்கள். இவற்றுக்கு மழுப்பலாகப் பதில் சொல்லும் இடத்தில், சம்பளம் கூடுதலாக இருந்தாலும், சேர வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன், தொற்றுக்காலம் முழுவதும் பணியில் நீடித்த ஒருவரையும் இடையில் விலகிய ஒருவரையும் மகள் சந்திக்கட்டும். நீங்களும் உடன் சென்று, இருவரிடமும் உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். அதுவரை சம்மதம் சொல்லாமல் இருப்பதில் தவறில்லை. மறுத்துவிட மட்டும் வேண்டாம்.