ஜெர்மானியச் செயற்கை மொழியில் முதுமைக்கும் நெருப்புக்கும் ஒரே சொல் வந்தால் என்ன செய்வது?

நீங்கள் உருவாக்கும் ஜெர்மானியச் செயற்கை மொழியில், அதாவது ஆங்கிலம், ஜெர்மன், சுவீடிஷ் அடங்கிய குடும்பத்தின் சாயலில் நீங்களே கட்டும் மொழியில், முதுமை, நெருப்பு இரண்டுக்கும் ‘எல்ட்’ என்றே வருகிறது, எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பள்ளத்தில் விழுந்தவன் நான். பொழுதுபோக்காக ஒரு மொழியைக் கட்டிக்கொண்டிருந்தபோது ‘பாட்டிக்கு முதுமை வந்துவிட்டது’ என்று நோட்டில் எழுதி வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் படித்தால் பாட்டிக்குத் தீப்பிடித்திருந்தது.

பழைய சொற்களின் ஒலியை மாற்ற நீங்கள் வைத்த விதிகளில் பிழை இல்லை. இந்தக் குடும்பத்துக்கே தாயான மூல ஜெர்மானியத்தில் இவை ஒட்டும் உறவும் இல்லாத இரு சொற்கள். நெருப்பு ‘ஐலிதஸ்’. அதில் நடு இகரம் விழுந்து, முதல் ‘ஐ’ எகரமாகக் குறுகியது. முதுமையோ, வளர்தலைக் குறிக்கும் ‘அல்’ வேரில் பிறந்த ‘அல்தீ’. கடைசி ஈகாரம் முதல் அகரத்தை எகரமாக இழுத்துவிட்டது. (நம் ‘எல்’லுக்கும் ஒளி என்ற பொருள் உண்டே என்று முடிச்சுப் போடக் கிளம்பாதீர்கள், அது தற்செயல்.)

மக்கள் பேசும் மொழிகளிலும் இந்த நெரிசல் உண்டு. சுவீடிஷில் ‘எல்ட்’ நெருப்பு. முதுமைக்கு ‘ஓல்டெர்டும்’ என்று வேறு வடிவம். ஆங்கிலத்தில் நேர்மாறு: வழக்கொழிந்த ‘எல்ட்’ முதுமையைக் குறித்தது, நெருப்புக்கு ‘ஃபயர்’ நிலைத்தது. ஐஸ்லாந்தியர்தான் துணிச்சல்காரர்கள். அவர்களிடம் ‘எல்டா’ என்றால் சமைப்பது, ‘எல்டஸ்ட்’ என்றால் வயதாவது, யாரும் குழம்புவதில்லை.

ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் உள்ள கதை ஒன்றில் இரண்டும் ஆளாகவே வருகின்றன. 13ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்டூர்லுசோன் எழுதிய ‘எட்டா’ என்ற புராண நூலில், உட்கார்டா-லோக்கி என்ற அரக்க அரசனின் மண்டபத்தில், அவனல்லாத வேறொரு லோக்கி, தோர் என்ற தெய்வத்தின் தோழன், ஒருவனோடு போட்டி போட்டுச் சாப்பிடுகிறான். இவன் எலும்பை விட்டு இறைச்சியைத் தின்ன, எதிராளி எலும்பையும் தொட்டியையும் சேர்த்தே விழுங்குகிறான். பிறகு தோர் ஒரு கிழவியோடு மல்லுக்கு நின்று ஒற்றை முழங்காலில் சாய்கிறான். தின்றவன் ‘லோகி’, அதாவது தழல். கிழவி ‘எல்லி’, முதுமை. கவனியுங்கள், நெருப்புக்கு அங்கே வேறு சொல்லை எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் மொழி, அழிந்துபோன ஜெர்மானிய மொழியான கோதிக் பக்கம் சாய்ந்தால் சிக்கலே எழாது: அங்கே அகரம் திரியாது, நெருப்பும் ‘ஃபோன்’. மற்றபடி, ‘ஃபயர்’, ஜெர்மன் ‘ஃபாயர்’ ஆகியவற்றின் வேரையே நெருப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நான் ‘ஃபூர்’ என்று வைத்தேன். ‘எல்ட்’ பாட்டியிடமே இருக்கிறது.