பதினெட்டு வயதில் பேஸ்பால் ஒப்பந்தமா, கல்லூரியா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தந்தை கேட்கிறார்: "என் மகனுக்கு 17 வயது. உயர்நிலைப் பள்ளியில் கடைசி ஆண்டு, அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். மணிக்கு 92 மைல் வேகத்தில் வீசுகிறான். இங்கே பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் ஆடும் அணி ஒன்றின் ஸ்கவுட் (திறமையான பையன்களைத் தேடுபவர்) இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, டிராஃப்டில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, பத்தாவது சுற்றுக்குப் பிறகு எடுக்க வாய்ப்பு இருக்கிறது என்கிறார். ஒரு கல்லூரியும் பாதி உதவித்தொகையோடு அழைக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த உலகம் தெரியாது. கையெழுத்துப் போடச் சொல்வதா, படிக்க அனுப்புவதா?"

பத்தாவது சுற்றுக்குப் பிறகுதான் என்றால் படிக்க அனுப்புங்கள். உங்கள் மகனின் திறமையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. அந்த வயதில் 92 மைல் என்பது நல்ல வேகம். ஆனால் இந்தத் தொழிலின் கணக்கு வேறு மாதிரி.

மேஜர் லீகில் 30 அணிகள், அணிக்கு 26 இடங்கள். மொத்தம் 780. ஒவ்வொரு ஜூலையிலும் டிராஃப்டின் 20 சுற்றுகளில் மட்டும் ஏறக்குறைய 600 பேர் எடுக்கப்படுகிறார்கள். டொமினிகன் குடியரசு, வெனிசுலா போன்ற நாடுகளிலிருந்து 16 வயதிலேயே ஒப்பந்தமாகி வருபவர்கள் தனி. நம் ஐ.பி.எல். ஏலத்தில் எடுக்கப்பட்ட பையன் அந்த சீசனிலேயே களத்தில் இறங்கிவிடலாம். பேஸ்பாலில் அப்படி நடப்பது மிக அபூர்வம். ரூக்கி, லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிப்பிள்-ஏ என்று மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகின் படிகளை ஒவ்வொன்றாக ஏற வேண்டும். பெரும்பாலானவர்கள் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அந்தப் படிகளில் சம்பளம் எவ்வளவு? 2023-இல் மைனர் லீக் வீரர்களுக்கு முதல்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. அதன்படி அந்த ஆண்டு அடிமட்டத்தில் குறைந்தபட்சம் 19,800 டாலர், ட்ரிப்பிள்-ஏவில் 35,800 டாலர். வருடத்துக்கு! இதுவே பெரிய முன்னேற்றம்; அதற்கு முன் அடிமட்டத்தில் 4,800 டாலர்தான். 2022 முதல் தங்குமிடத்தை அணியே தருவதால் வாடகைக் கவலையும் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்திருக்கிறது. மேஜர் லீகில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 7,60,000 டாலர். இரண்டு உலகங்களுக்கும் நடுவே உள்ள தூரம் இவ்வளவு.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. 18 வயதில் கையெழுத்திட்டால் மைனர் லீகில் அந்த அணி அவனை ஏழு சீசன் வரை தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். 19 வயதோ அதற்கு மேலோ என்றால் ஆறு சீசன். மேலே போன பிறகும் உடனே பேரம் பேச முடியாது. பொதுவாக மூன்று ஆண்டுச் சேவை முடிந்த பிறகே சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவரிடம் போகும் உரிமை. ஆறு ஆண்டு முடிந்தால்தான் விரும்பிய அணிக்குப் போகும் சுதந்திரம். அங்கே ஓர் ஆண்டுச் சேவை என்றால் மேஜர் லீக் அணியில் 172 நாள் இருந்த கணக்கு. இத்தனைக்கும், 20-ஆம் நூற்றாண்டின் வீரர்களை வைத்துக் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, பிட்சர் அல்லாத ஒரு புதுமுகத்தின் சராசரி மேஜர் லீக் வாழ்க்கை 5.6 ஆண்டுகள்தான். ஐந்தில் ஒருவருக்கு ஒரே சீசன்.

ஆகவே உங்கள் மகன் நிச்சயமாகக் கையில் வாங்கப்போவது, கையெழுத்திடும்போது தரும் சைனிங் போனஸ் ஒன்றுதான். பத்தாவது சுற்றுக்குப் பிறகு அது பெரும்பாலும் 1,50,000 டாலருக்குள் இருக்கும். அதற்கு மேல் கொடுத்தால், கூடுதல் தொகை, புது வீரர்களுக்கு அணி மொத்தமாகத் தரக்கூடிய போனஸ் வரம்பில் கழியும் என்பதால் யோசிப்பார்கள். வரியும் ஏஜென்ட் பங்கும் போக மிஞ்சுவதைப் பாருங்கள். அமெரிக்காவில் பல தனியார் கல்லூரிகளில் நான்கு ஆண்டுச் செலவு மூன்று லட்சம் டாலரைத் தாண்டுகிறது. என் கணக்கில், போனஸ் ஐந்து லட்சத்துக்குக் கீழே என்றால் படிப்பை விடக் கூடாது. அதைத் தாண்டினால் யோசிக்கலாம். அப்போதும் கல்லூரிச் செலவுக்கான உதவித்தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அணிகள் அதைத் தருவது வழக்கம்தான். ஆட்டத்தை விட்ட பிறகு எத்தனை ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் படித்துப் பாருங்கள்.

குமார் ராக்கர் என்ற பிட்சரின் கதை உங்களுக்கு உதவும். அவருடைய அம்மாவின் பெற்றோர் ஆந்திராவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். 2018-இல் பள்ளி முடித்தபோது கொலராடோ ராக்கீஸ் அவரை 38-ஆவது சுற்றில் எடுத்தது (அப்போது 40 சுற்றுகள் இருந்தன). அவர் கையெழுத்திடாமல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மறு ஆண்டே டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸை எட்டுவது) கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்தார். 2021-இல் நியூ யார்க் மெட்ஸ் முதல் சுற்றிலேயே பத்தாவது ஆளாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் கைநழுவியது. தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. 2022-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தது. 2023-இல் முழங்கையிலும் அறுவை சிகிச்சை. மேஜர் லீகில் முதல் பந்தை வீசியது 2024 செப்டம்பரில். பள்ளி முடித்து ஆறு ஆண்டுகள்! அவ்வளவு திறமைசாலிக்கே இவ்வளவு காலம் பிடித்தது.

கல்லூரியில் ஒரு விதியை நினைவில் வையுங்கள். நான்கு ஆண்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடியும்வரை, அல்லது 21 வயது வரை, மறுபடி டிராஃப்டுக்குப் போக முடியாது. இரண்டு ஆண்டு ஜூனியர் கல்லூரியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அடுத்த வருடமே மீண்டும் முயலத் துடிக்கும் பையனுக்கு அது நல்ல வழி.

இப்போது உங்கள் மகனின் கை. எனக்கு இதில்தான் கவலை அதிகம். ஸ்கவுட் வருகிறார் என்றதும் வேகத்தைக் காட்ட வாரம் தவறாமல் முழு பலத்தில் வீசச் சொல்வார்கள். முழங்கை கெடுவது இப்படித்தான். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கைத் தசைநாரை மாற்றி வைத்தார். 1976-இல் களத்துக்குத் திரும்பிய ஜான் 1989 வரை ஆடினார். அதனால் இந்த அறுவை சிகிச்சையைப் பல பெற்றோர் சாதாரணமாக நினைக்கிறார்கள். அப்படி நினைக்காதீர்கள். மீண்டு வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும், எல்லோரும் பழைய நிலைக்கு வருவதும் இல்லை. மேஜர் லீகும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதல்படி இந்த வயதில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 105 பந்துகள், 12 மாதத்தில் 100 இன்னிங்ஸ். வருடத்தில் நான்கு மாதம் போட்டிகளில் பிட்ச் செய்யக் கூடாது. அதில் இரண்டு மூன்று மாதமாவது கைக்கு முழு ஓய்வு. பள்ளி அணி, கிளப் அணி இரண்டிலும் வீசினால் பயிற்சியாளர்கள் தத்தம் கணக்கை மட்டும்தான் வைத்திருப்பார்கள். மொத்தக் கணக்கை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

ஏஜென்ட் யாரிடமும் கையெழுத்திடும் முன் அழைத்திருக்கும் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் கேளுங்கள். தவறான ஒரு ஒப்பந்தம் கல்லூரியில் ஆடும் தகுதியையே பறித்துவிடும். அப்புறம், அந்த ஸ்கவுட் மறுபடி வரும்போது "எவ்வளவு கொடுத்தால் கையெழுத்திடுவான்?" என்று நிச்சயம் கேட்பார். அதற்கு முன் ஒரு மாலை மகனோடு உட்கார்ந்து தொகையை முடிவு செய்யுங்கள். டிராஃப்ட் நாளில் போன் வரும்போதும் அதே தொகையைச் சொல்லுங்கள்.