ஏத்தத்துல ஆஃப் ஆகுற கார்: ஷெட்டுல இருந்து பதில்

கேள்வி: என்கிட்ட இருக்கிறது 2011 மாடல் சின்ன பெட்ரோல் கார். கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்குறப்ப ஒரு தொந்தரவும் இல்ல. திரும்பி ஏறி வர்றப்ப குஞ்சப்பனை தாண்டினதும் பொசுக்குனு ஆஃப் ஆயிடுது. செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகாது. 20 நிமிஷம், அரை மணி நேரம் ஓரங்கட்டி நின்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகி வீடு வந்து சேர்ந்துடும். எப்பவும் இல்ல, மூணு தடவைக்கு ஒரு தடவைதான். பிளக், பெட்ரோல் ஃபில்டர், பேட்டரி மூணையும் மாத்தியாச்சு. மச்சான் வண்டிய வித்துத் தொலைங்கறார். என்ன பண்ணலாம்?
(பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: விக்கிறது இருக்கட்டும் சார், அதுக்கு முன்னாடி நான் சொல்றத ஒரு தடவ பண்ணிப் பாருங்க. நீங்க மாத்தின மூணுமே சூடானா கெட்டு, ஆறினா தானா சரியாகுற சாமான் இல்ல. பிளக் போனா மிஸ்ஸிங் வரும், ஃபில்டர் அடைச்சா ஏத்தத்துல இழுக்காது, பேட்டரி செத்திருந்தா செல்ஃபே எடுக்காது. உங்க லெட்டர்லயே பாதி பதில் இருக்கு, செல்ஃப் நல்லா சுத்துது, அரை மணி நேரம் நின்னா சரியாகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப சூடு ஏறினா மக்கர் பண்ணி, ஆறினா திரும்ப வேலை செய்யுற ஏதோ ஒண்ணுதான்.

மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800. இந்த உயரத்த முப்பது சொச்சம் கிலோமீட்டர்ல ரெண்டாவது கியர்லயும் மூணாவது கியர்லயும் முக்கி முக்கி ஏறணும், வேகம் இல்லாததால முன்னாடி காத்தும் அடிக்காது, பானெட்டுக்குள்ள அடுப்பு மாதிரி கொதிக்கும். இறங்குறப்ப என்ஜின் சும்மா சுத்திட்டு வருது, அதான் அப்ப ஒண்ணும் ஆகல.

என்னோட முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல. என்ஜின்ல பிஸ்டன் சுத்தி விடுற கிராங்க் தண்டு எந்த நிலையில சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்கு சொல்ற சாமான் அது, சுண்டு விரல் சைஸ்தான் இருக்கும். அது சொல்லலைன்னா எப்ப பெட்ரோல் அடிக்கணும், எப்ப தீப்பொறி விடணும்னு கம்ப்யூட்டருக்கு தெரியாது, ரெண்டையும் நிறுத்திடும். நிறைய சென்சார்ல உள்ள முடி மாதிரி செம்புக் கம்பி சுத்தியிருக்கும், அதுல எங்கயாவது விரிசல் விட்டிருந்தா சூட்டுல விரிஞ்சு கனெக்‌ஷன் விட்டுப் போகும், ஆறினா திரும்ப ஒட்டிக்கும். ஷெட்டுக்கு கொண்டு வர்றப்ப வண்டி ஆறிப் போயிருக்கும், மெக்கானிக் சாவியைத் திருப்புவார், முதல் சுத்துலயே ஸ்டார்ட் ஆகும், வண்டி நல்லாதானே இருக்குன்னு உங்கள ஒரு மாதிரி பாப்பார். அவர் மேல தப்பு இல்ல.

அதனால வண்டி நிக்கிற அந்த நிமிஷத்துல நீங்கதான் பாக்கணும். ஆஃப் ஆன உடனே கிளட்ச்ச மிதிச்சுடாதீங்க, ஒரு ரெண்டு செகண்ட், என்ஜின் சுத்துற வேகத்த காட்டுற ஆர்பிஎம் முள்ளப் பாருங்க. வண்டி கியர்ல உருண்டுட்டு இருக்கிற வரைக்கும் சக்கரம் என்ஜினையும் சேத்து சுத்துது இல்லையா, அப்ப முள்ளு வண்டி வேகத்தோட மெதுவா இறங்கணும். அப்படி இல்லாம டபக்குனு சைபர்ல விழுந்தா, சுத்துற என்ஜின் கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியலைன்னு அர்த்தம், கிராங்க் சென்சார், இல்லாட்டி அதோட வயர். முள்ளு மெதுவா இறங்கினா பெட்ரோல் பக்கம் போங்க. முள்ளே இல்லாத மாடல்னா, ஸ்டியரிங்குக்கு அடியில இருக்கிற கப்ளர்ல சின்ன புளூடூத் ஸ்கேனர் மாட்டி செல்ஃப் அடிக்கிறப்ப போன்ல ஆர்பிஎம் பாக்கலாம், செல்ஃப் சுத்துறப்ப 200 கிட்ட காட்டணும், சைபர்னா அதேதான். பி0335னு கோட் வந்தா கிராங்க் சென்சார் சர்க்யூட்னு அர்த்தம். சில நேரம் கோடே ஏறாது, அத வெச்சு சென்சார் நல்லாருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

பெட்ரோல் பக்கம் பாக்கிறதுக்கு காது போதும். சாவிய ஆன் பண்ணினதும் பின் சீட்டுக்கு அடியில இருந்து ரெண்டு செகண்ட் 'ங்ஙொய்'னு ஒரு சத்தம் வரும், பம்ப். இத இன்னைக்கே வீட்டு வாசல்ல, வண்டி நல்லா இருக்கிறப்பவே நாலு தடவ கேட்டுப் பழகிக்கோங்க, அப்பதான் ரோட்டுல லாரி சத்தத்துக்கு நடுவுல அது வரலைன்னா தெரியும். வரலைன்னா பம்ப், இல்ல அதோட ரிலே. நம்ம ஊர்ல இன்னொரு பழக்கம் இருக்கு, கீழ பெட்ரோல் கொஞ்சம் விலை கம்மின்னு மேல ரிசர்வ்லயே ஓட்டுறது. பம்ப் டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கியே இருக்கு, பெட்ரோல்தான் அத ஆத்துது, ரிசர்வ்லயே ஓட்டினா பம்ப் சூடாகி ஆயுசு போயிடும். அடுத்தது ஆட்டோ கட் ஆன பின்னாடியும் ரவுண்டா வரட்டும்னு கழுத்து வரைக்கும் ஊத்த சொல்றது. அந்த பெட்ரோல் ஆவி பிடிக்கிற கேனிஸ்டருக்குள்ள போயிடும், அங்க இருந்து என்ஜினுக்குள்ள போய் மூச்சு முட்ட வெச்சு நிறுத்தும். நிக்கிறப்ப பெட்ரோல் வாடை தூக்கலா அடிச்சா இதையும் யோசிங்க. டேங்க் மூடியையும் ஒரு தடவ திறந்து பாருங்க, 'உஸ்ஸ்'னு காத்த உள்ள பலமா இழுத்துட்டு உடனே வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா காத்து வழி அடைச்சிருக்கு, காசே இல்லாம முடியுற வேலை.

சென்சார்தானான்னு உறுதி பண்ண பழைய டெக்னிக் ஒண்ணு இருக்கு. வண்டி நின்னதும் பானெட்ட திறந்து, ஈரத்துணிய சென்சார் மேல ரெண்டு நிமிஷம் போட்டு வைங்க, பக்கத்துல சைலன்சர் பைப் போகும், கைய சுட்டுக்காதீங்க. அரை மணி நேரம் ஆகுற வண்டி மூணாவது நிமிஷம் ஸ்டார்ட் ஆச்சுன்னா வேற யாரையும் கேக்க வேண்டாம். சென்சார் எங்க இருக்குன்னு முன்னாடியே உங்க மெக்கானிக்க காட்ட சொல்லிடுங்க. மாத்துறப்ப கப்ளர் பின்னையும் வயரையும் பாக்க சொல்லுங்க, இங்க பனிக்கு பச்ச பூத்துடும், எலியும் கடிக்கும்.

இன்னொண்ணு, ஆஃப் ஆகுறப்ப டேஷ்போர்டு லைட்டும் சேந்து அணையுதா? அப்படின்னா மேல சொன்னது எல்லாத்தயும் விட்டுடுங்க, பேட்டரி டெர்மினல், எர்த் வயர், சாவி போடுற ஸ்விட்ச், இந்த மூணுதான். ஒரு எஸ்டேட் வண்டியில இதே மாதிரி மூணு நாள் மண்டைய உடைச்சேன். கடைசியில பாத்தா சாவிக் கொத்துல குடோன் சாவி, கேட் சாவி, பித்தளை வேல் ஒண்ணு, எல்லாம் சேந்து கால் கிலோ தொங்குது, குழியில இறங்கி ஏறுறப்ப தேஞ்சு போன ஸ்விட்ச் அந்த கனத்துல லேசா திரும்பி கரன்ட் கட் ஆகுது. அந்த பித்தளை வேல கழட்டி வண்டிக்காரர் கையில குடுத்தேன், அப்புறம் ஸ்விட்ச்ச மாத்தினேன்.

நின்னுட்டா பதறாதீங்க. பிரேக் பூஸ்டர்ல ரெண்டு மூணு மிதிக்கு வேக்குவம் இருக்கும், விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்துங்க, பவர் ஸ்டியரிங் கனக்கும், ஆனா திரும்பும். உருண்டுட்டு இருக்கிறப்ப சாவிய மட்டும் வெளிய எடுத்துடாதீங்க, ஸ்டியரிங் லாக் ஆயிடும்.

கேள்வி: 1997 மாடல் கார்புரேட்டர் வண்டி. காலையில லவ்டேல்ல இருந்து ஊட்டி டவுனுக்கு வர்றப்ப, மூடுபனியும் சாரலும் இருக்கிற நாள்ல மட்டும் நாலஞ்சு கிலோமீட்டர்ல திணறி நின்னுடுது. பத்து நிமிஷத்துல சரியாகுது. வெயில் நாள்ல ஒண்ணுமில்ல.
(வாசகர், உதகமண்டலம்)

பதில்: காத்தையும் பெட்ரோலையும் கலக்குற உங்க கார்புக்குள்ள ஐஸ் பிடிக்குது சார். சிரிக்காதீங்க, நிஜம். பெட்ரோல் ஆவியாகுறப்ப சுத்தி இருக்கிற சூட்ட இழுத்துக்கும், கையில பெட்ரோல் பட்டா ஜில்லுனு இருக்குமே அதான். காத்துல ஈரம் நெறைய இருந்து குளிர் பத்து டிகிரி கிட்ட இருந்தாலே போதும், உள்ள இருக்கிற பட்டர்ஃபிளை தகட்டுல ஐஸ் கட்டி காத்து வழிய அடைச்சுடும். நின்னதும் என்ஜின் சூட்டுல ஐஸ் உருகிடும், அதான் பத்து நிமிஷம். அடுத்த தடவ நின்ன உடனே பானெட்ட திறந்து கார்புக்கு வெளிய தொட்டுப் பாருங்க, வெள்ளையா பூத்திருக்கும், இல்லாட்டி ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி வேர்த்திருக்கும்.

இதுக்குன்னு சைலன்சர் மேனிஃபோல்டுல இருந்து ஏர் கிளீனருக்கு சூடான காத்து வர ஒரு குழாய் குடுத்திருப்பாங்க. முக்கால்வாசி பழைய வண்டியில அது கிழிஞ்சு போய், மெக்கானிக்கே தேவையில்லன்னு பிடுங்கி எறிஞ்சிருப்பார். கோயமுத்தூர்ல ஓடுற வண்டிக்கு அது இல்லாட்டி பரவாயில்ல, 2,200 மீட்டருக்கு மேல மழைக்காலத்துல ஓட்டுற உங்களுக்கு வேணும். குழாய மாட்டி, ஏர் கிளீனர் மூக்குல லீவர் இருந்தா குளிர்காலப் பக்கம், அதாவது சூடான காத்து வர்ற பக்கம் தள்ளி விடுங்க. கார்ப கழட்டி சர்வீஸ் பண்ணணும்னு யாராவது சொன்னா இப்பதைக்கு வேண்டாம்னுடுங்க.

கேள்வி: பச்சத் தேயிலை ஏத்துற டீசல் பிக்கப். டீசல் ஃபில்டர் மாத்தினதுல இருந்து லோடோட ஏறுறப்ப அடிக்கடி ஆஃப் ஆகுது.
(வாசகர், குன்னூர்)

பதில்: மாத்தினதுல இருந்துன்னு சொல்றீங்களே, அங்கதான் டீசல் பைப்புக்குள்ள காத்து எடுக்குது. பழைய வாஷர் ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கா, பைப் கிளிப் லூஸா பாருங்க. ஃபில்டருக்கு அப்புறம் ஒரு அடி உள்ள தெரியுற பிளாஸ்டிக் டியூப்ப தற்காலிகமா மாட்டி ஸ்டார்ட் பண்ணினா குமிழி ஓடுறது கண்ணுலயே தெரியும். சரி பண்ணிட்டு கை பம்ப அடிச்சு ஏர் எடுங்க, குமிழி இல்லாம டீசல் வர்ற வரைக்கும். அதோட ஃபில்டருக்கு அடியில இருக்கிற தண்ணி நட்ட லூஸ் பண்ணி, வர்றத ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அஞ்சு நிமிஷம் வைங்க, அடியில தண்ணி தனியா நின்னா டேங்கையும் கழுவணும்.