உடலில் சேரும் கழிவுகளை வெளியேற்ற அன்றாட உணவில் என்ன மாற்றம் செய்யலாம்? ஜூஸ் மட்டும் குடிக்கும் டீடாக்ஸ் அவசியமா?

ஜூஸ் டீடாக்ஸ் அவசியமில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் இதற்காக நாள்கணக்கில் பட்டினி கிடந்து உடம்பை வருத்திக்கொள்கிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

கழிவை அகற்றும் வேலை நாம் தூங்கும்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, வேண்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, யூரியா போன்றவற்றை ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீரில் வெளியே அனுப்புகின்றன. மருந்துகளையும் வேறு பல வேதிப்பொருட்களையும் கல்லீரல் நொதிகள் மாற்றியமைத்து, உடலே தயாரிக்கும் குளுட்டாதயோன் போன்ற பொருட்களோடு இணைத்து நீரில் கரையும்படி செய்கின்றன. இந்தக் குளுட்டாதயோனே, புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் மூன்றால் ஆனது. அதாவது, இதற்குப் புரதம் வேண்டும். ஜூஸ் மட்டும் குடிப்பவருக்குப் போதுமான அளவு கிடைக்காமல் போவதும் அதுதான். முதல் சில நாட்களில் எடை இறங்குவதைப் பார்த்து ‘நச்சு போய்விட்டது’ என்று நினைக்கிறார்கள். அப்போது இறங்குவதில் பெரும்பகுதி, உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருந்த சர்க்கரையும் அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும்தான்.

சரி, எதை மாற்றலாம்? என்னைக் கேட்டால் நார்ச்சத்தில் தொடங்குங்கள் என்பேன். கல்லீரல் வெளியேற்றும் கழிவில் ஒரு பகுதி பித்தநீரோடு குடலுக்கு வருகிறது. ஆனால் பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதத்தைக் குடல் மறுபடி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். ஓட்ஸ், பயறு வகைகள், ஆப்பிள் இவற்றில் இருக்கும் கரையும் நார், அந்த அமிலங்களில் கொஞ்சத்தைப் பிடித்துவைத்து மலத்தோடு வெளியே கொண்டுபோகிறது. குறைந்ததை ஈடுகட்டக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவழித்துப் புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜூஸை வடிகட்டும்போது சக்கையோடு நாம் வீசுவது பெரும்பாலும் இந்த நார்ச்சத்தைத்தான்! பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும் 400 கிராம் காய்கனியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள்.

அப்புறம் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிரக்கோலி. இவற்றிலிருந்து கிடைக்கும் சல்ஃபோராஃபேன் என்ற வேதிப்பொருள், கல்லீரலின் சில நொதிகளைத் தூண்டுகிறது. நறுக்கியதும் கொஞ்ச நேரம் வைத்திருந்து சமைத்தால் அது கூடுதலாக உருவாகும். அதிகம் வேகவிடாதீர்கள்.

குறைக்க வேண்டியவற்றில் மது முதலில் வரும். அடுத்து இனிப்பு பானங்கள். அவற்றில் இருக்கும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை அளவுக்கு மீறினால், அதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். தண்ணீரை லிட்டர் கணக்கில் திணிக்க வேண்டாம், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும்.

நான் அதிகம் பயப்படுவது ‘கல்லீரல் சுத்தம்’ என்று விற்கும் மாத்திரைகளையும் பொடிகளையும் பார்த்துத்தான். செறிவூட்டிய கிரீன் டீ சாறு மாத்திரைகளால் கல்லீரலே பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உணவாகச் சாப்பிடும்போது தீங்கில்லாத பொருள், செறிவூட்டிய மாத்திரையாக வரும்போது அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் பொட்டாசியம் மிகுந்த காய்கனிகளைத் தாமாகக் கூட்டக் கூடாது, மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, காலில் வீக்கம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.