பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது? ஆயுளை நீட்டிக்க என்ன வழி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றரை வருடத்தில் போய்விட்டது, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை, அடுத்து எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமென்றால் பயமாக இருக்கிறது, எந்த கம்பெனி பேட்டரி நல்லது?

கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் வேலை பார்ப்பவன். எங்களிடம் வருகிற பேட்டரிகளில் பாதிக்கு மேல் வயதாகிச் செத்தவை இல்லை, பழக்கக் கோளாறால் செத்தவை. சாதாரண ஸ்கூட்டரிலும் இன்வெர்ட்டரிலும் இருப்பது பெரும்பாலும் லெட் ஆசிட். போனிலும் பெரும்பாலான எலக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் இருப்பது லித்தியம். முதல் வகைக்குக் காலியாகக் கிடப்பது ஆகாது. இரண்டாவது வகைக்கு எப்போதும் முழுசாக நிரம்பி இருப்பதும், சூடும் ஆகாது. நாம் போனுக்குச் சொன்னதை இன்வெர்ட்டருக்கும், இன்வெர்ட்டருக்குச் சொன்னதை ஸ்கூட்டருக்கும் செய்கிறோம். போதாததற்கு "முழுசா இறங்கட்டும், அப்புறம் சார்ஜ் போடு" என்று சொல்ல வீட்டுக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். அது அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் செல்லுக்குச் சொன்னது. அந்த செல் வீட்டை விட்டுப் போய் எத்தனையோ வருஷமாச்சு, அறிவுரை மட்டும் போகவில்லை.

லெட் ஆசிட்டில் சார்ஜ் இறங்கும்போது உள்ளே இருக்கும் தகடுகளில் சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டால் இறுகிப்போய், பிறகு என்ன சார்ஜ் கொடுத்தாலும் கரையாது, அந்த அளவுக்குத் தகடு வீண். 12 வோல்ட் பேட்டரி முழுசாக இருந்தால், சார்ஜ் நிறுத்தி சில மணி நேரம் கழித்து அளக்கும்போது 12.6க்கு மேல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே பார்த்தால் அன்றைக்கே சார்ஜ் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

எங்கள் பக்கம் இன்வெர்ட்டர் பேட்டரியின் எமன் புயல்தான். 2011 டிசம்பரில் 'தானே' புயல் வந்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோதும் பல இடங்களில் கரண்ட் வரத் தாமதமானது. அப்போது எல்லா வீட்டிலும் ஒரே கதை: முதல் ராத்திரி மூன்று ஃபேன், டிவி, எல்லாம் ஓடும், விடியற்காலையில் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும், யாராவது போய் ரீசெட் பட்டனை அமுக்கி இன்னும் பத்து நிமிஷம் ஓட்டுவார்கள், மறுபடி அமுக்குவார்கள். அந்தப் பத்து நிமிஷம் பேட்டரியின் அடியை வழித்து எடுப்பது. அதற்கப்புறம் கரண்ட் வரும்வரை அது காலியாகக் கிடக்கும்.

கணக்கு ரொம்ப எளிது. 150 ஆம்பியர் அவர், 12 வோல்ட் என்றால் 1,800 வாட் அவர். பாதியோடு நிறுத்திக்கொள்வோம் என்றால் 900, இன்வெர்ட்டர் தின்றது போக கைக்கு வருவது 700 சொச்சம். சாதாரண ஃபேன் ஒன்று 75 வாட், இரண்டு ஃபேனும் நாலைந்து விளக்கும் போட்டால் 200 வாட் ஆகிவிடும், மூன்றரை மணி நேரத்தில் கணக்கு முடிந்தது. அதே இரண்டும் கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேனாக இருந்து விளக்கையும் குறைத்தால் 80 வாட், ஒன்பது மணி நேரம் வரும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரி முழுசாக இருக்கிறதா பாருங்கள். இன்வெர்ட்டர் நின்றுவிட்டால் ரீசெட் பண்ணாதீர்கள். தெருவில் யாராவது ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருந்தால், டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் நேரத்தில் இன்வெர்ட்டரையும் அதில் சொருகிக்கொள்ளக் கேளுங்கள்.

தண்ணீர் விஷயம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கடலோர போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் சுத்தம்தானே என்கிறார்கள். குடிக்கச் சுத்தம், பேட்டரிக்குச் சுத்தமில்லை. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் வேண்டாம், காயிலில் இருக்கிற தூசியையும் செம்பையும் கழுவிக்கொண்டு வருகிறது. தகடு மூழ்கியிருக்கும் அளவு இருந்தால் போதும், மிச்சத்தைச் சார்ஜ் முழுசாக ஏறிய பிறகு ஊற்றுங்கள். காலியான பேட்டரியில் விளிம்புவரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வெளியே வரும். ஆசிட் மட்டும் நீங்களாக ஊற்றவே கூடாது. வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது.

முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் டெர்மினல் சீக்கிரம் பூத்துவிடும். வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பொடி தட்டினால் இன்வெர்ட்டரை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, முதலில் நெகட்டிவ் அப்புறம் பாசிட்டிவ் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கரைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். சோடா தண்ணீர் மூடிக்குள் இறங்கக் கூடாது. துடைத்துக் காயவிட்டு, நெகட்டிவைக் கடைசியாகப் போட்டு, நன்றாக முறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். மோதிரம், வளையல் கழற்றிவிட்டு வேலை பாருங்கள், ஸ்பேனர் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பட்டால் பொறி பறக்கும்.

உங்கள் ஸ்கூட்டர் பேட்டரி சீல் செய்தது, தண்ணீர் வேலை கிடையாது. தினமும் கடைக்கும் பள்ளிக்கும் அரை அரை கிலோமீட்டர் ஓட்டி, ஒவ்வொரு முறையும் செல்ஃப் அடித்தால், எடுத்த சார்ஜ் திரும்பி ஏறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள், கிக்கர் இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு அதை உதையுங்கள். புது பேட்டரியும் சீக்கிரம் போனால், ஆக்சிலேட்டர் கொடுத்து டெர்மினலில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வரவேண்டும். குறைந்தால் வண்டியில் சார்ஜ் கொடுக்கும் காயில் அல்லது ரெகுலேட்டர், 15ஐத் தாண்டினால் பெரும்பாலும் ரெகுலேட்டர், பேட்டரியைத் திட்டிப் பயனில்லை.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்காரர்கள் பேட்டரி ஸ்பிரேயரைக் கொண்டுவருவதும் இதே வியாதிதான். மருந்தடித்து முடித்து அப்படியே மூலையில் வைத்துவிடுவார்கள், அடுத்த சீசனில் எடுத்தால் செத்திருக்கும். உள்ளே பெரும்பாலும் சின்ன லெட் ஆசிட்தான். வைக்கும் முன் முழு சார்ஜ், அப்புறம் மாதம் ஒரு தடவை சார்ஜ், அவ்வளவுதான்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு இதெல்லாம் தலைகீழ். தினசரி 20க்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம், நீண்ட தூரம் போகிற அன்று மட்டும் முழுசாக ஏற்றுங்கள். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை என்றால் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள், செல்கள் சமமாவதற்கு, வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். மே மாத வெயிலில் ஓட்டிவந்து சுடச்சுடச் சொருகாதீர்கள், கொஞ்ச நேரம் நிழலில் நிற்கட்டும். மாதக்கணக்கில் ஊருக்குப் போவதானால் பாதி சார்ஜில் விட்டுப் போங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்ததே, அந்த மாதிரி தண்ணீரில் பேட்டரி மூழ்கியிருந்தால் காய்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கலாம். வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள்.

சரி, கம்பெனி. தெரிந்த பெயர்களில் எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே ஆறேழு மாதம் சார்ஜ் இல்லாமல் உட்கார்ந்த பேட்டரி உங்களிடம் வரும்போதே ஆயுளில் கொஞ்சம் போயிருக்கும். இன்வெர்ட்டருக்கு ட்யூபுலர் (குழாய் வடிவத் தகடு உள்ள லெட் ஆசிட்) எடுங்கள், விலை கூட, ஆனால் அடிக்கடி இறங்கி ஏறுவதைத் தாங்கும். பழையதைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லிலும் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, பார்க்கச் சொல்லுங்கள். முழு சார்ஜுக்குப் பிறகு எல்லாம் 1240 காட்டி ஒன்று மட்டும் 1150இல் நின்றால் அந்த செல் போய்விட்டது, பவுடர் போட்டு சரி பண்ணித் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காமல் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுங்கள். ஆறும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் மெதுவாக ஒரு நாள் முழுக்க சார்ஜ் போட்டுப் பாருங்கள், சிலது எழுந்துவிடும்.